ரீடில் ஒன்றும் இல்லை

நீர் வாரியத்தில் அவரைக் குழாய் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பூமிக்குள் எங்கோ குழாய் கசிகிறது, எங்கே என்று பிடிபடவில்லை என்றால் அவருக்குத்தான் ஆள் போகும். அவர் ஒரு நீண்ட இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றி, அதன் மேல்முனையில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பஸ் போகும், லாரி போகும், கடைக்காரர்கள் வெளியே வந்து என்ன தேடுகிறீர்கள் என்று விசாரிப்பார்கள். எதுவும் அவருக்குள் ஏறாது. பிறகு நாலடி தள்ளிப் போய்க் காலால் ஒரு கோடு கிழித்து, இங்கே தோண்டுங்கள் என்பார். தோண்டினால் கசிவு இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று தடவைதான் தப்பியது. அந்த மூன்றுக்கும் அவரிடம் காரணம் தயாராக இருந்தது.

வாரிய ஊழியர்களின் பேண்டு வாத்தியக் குழுவில் முதல் கிளாரினெட்டும் அவர்தான். வாரியத்தில் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்வது போலவே முதல் நாற்காலி யாருக்கு என்பதையும் பணிமூப்பை வைத்துத்தான் முடிவு செய்திருந்தார்கள். இரண்டாவது நாற்காலியில் அவருடைய மனைவியின் தம்பி. வாரியத்தில் தண்ணீர் லாரி ஓட்டுபவன், நாற்பது வயது. ஒத்திகைக்கு வரும் வழியில் கிளாரினெட்டை லாரியின் முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் போட்டுக்கொண்டு வருவான். ஊதுவாயில் மாட்டுகிற ரீடு ஒன்றையே ஒரு வருஷம் வைத்து ஊதுவான். அதன் நுனி நாய் கடித்த செருப்பு மாதிரி இருக்கும்.

வாரியம் புதிதாக ஒரு பெரிய நீர்த்தொட்டி கட்டியிருந்தது. திறப்பு விழாவில் பேண்டு வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. பேண்டு மாஸ்டர் ஒரு மெதுவான மெட்டைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கிப்போய், கிளாரினெட் மட்டும் தனியாகப் படிப்படியாக ஏறி, ஓர் உச்ச ஸ்வரத்தில் போய் நாலு எண்ணிக்கைக்கு நிற்க வேண்டும். அந்த இடத்தில் வாரியத் தலைவர் வால்வைத் திறப்பார், தண்ணீர் பாயும், ஜனங்கள் கை தட்டுவார்கள். ஏற்பாடு அப்படி.

முதல் ஒத்திகையில் டாக்டர் படிப்படியாக ஏறினார். கடைசிப் படியில் கிளாரினெட் கீச்சென்றது. டிரம் வாசிப்பவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். டாக்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து, ஊதுவாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரீடு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ரீடு என்பது ஒரு வகை நாணலிலிருந்து சீவிய, விரல் அகலமுள்ள சின்னப் பட்டை. அதை ஊதுவாயில் பொருத்தி ஊதினால் நுனி துடிக்கும்; அந்தத் துடிப்புதான் ஓசையாகிறது. நாணல் என்றால் புல் இனம். புல்லுக்கு ஒரு மனசு உண்டு, இன்றைக்கு நன்றாக இருக்கும், நாளைக்கு முரண்டு பிடிக்கும். ஆகவே ஸ்வரம் வராவிட்டால் ரீடின் மேல் பழி போடுவது கிளாரினெட்காரர்களின் பிறப்புரிமை. டாக்டர் அதைப் பழி போடுவதாக நினைக்கவில்லை. பழுது எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று நினைத்தார். தொழில் புத்தி.

மறுநாளே பத்து ரீடு உள்ள பெட்டி ஒன்று வாங்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒன்று முதல் பத்து வரை எழுதினார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஒன்றாம் நம்பர்: மெலிவு, மேலே போகப் போகச் சுருதி இறங்குகிறது. இரண்டு: கனம், ஓசையை விடக் காற்று அதிகம். மூன்று: இடது ஓரம் தடிப்பு. ரீடை எத்தனை நிமிஷம் தண்ணீரில் ஊற வைத்தார், அன்றைக்கு வானம் எப்படி இருந்தது, ஊதுவாயின் நுனிக்கு மேலே மயிரிழை தூக்கி வைத்தாரா, இறக்கி வைத்தாரா, எல்லாம் அதில் ஏறியது. தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டு, தேய்க்க மிக நைசான உப்புத்தாள். சமையலறையில் எந்த டம்ளரை எடுத்தாலும் அதில் ஒரு ரீடு குளித்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். காலையிலிருந்து சாயங்காலம் வரை மனிதர்களின் கோளாறுகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு கோளாறு பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியது. ஏறி, ஏறி, ஏறி, கீச். அவள் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, அந்தக் கடைசிப் படிக்கு முன்னால் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிற மாதிரி எனக்குக் கேட்கிறதே என்றாள். டாக்டர் அதை யோசித்துப் பார்த்து, அதற்குக் காரணம் ஐந்தாம் நம்பர் ரீடின் நடுப்பகுதி இறுக்கமாக இருப்பதுதான் என்று விளக்கினார்.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. மைத்துனனின் ரீடு ஒரு நாள் நட்டநடுவில் பிளந்துகொண்டது. அவனிடம் வேறு கிடையாது. டாக்டர் தன் பெட்டியிலிருந்து ஆறாம் நம்பரை எடுத்து, வலது ஓரத்தை உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து, கண்ணாடியில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். மைத்துனன் அதை மாட்டி, சும்மா பரீட்சை பண்ணுவது போல அந்த மெட்டை ஊதினான். படிகளில் ஓடி ஏறினான். உச்ச ஸ்வரம் வந்தது. வந்தது மட்டுமல்ல, அவன் அதைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் வழியாக லாரியை யாராவது தொடுகிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

பேண்டே அசந்துபோயிற்று. ஆனால் யாரும் மைத்துனனைப் பாராட்டவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று எல்லோருக்கும் தெரியும். பாராட்டெல்லாம் ரீடுக்கும், ரீடைத் தேய்த்த கைக்கும் போயிற்று.

அடுத்த வாரம் சாக்ஸபோன்காரர் ஒரு ரீடைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். டாக்டர் அதை வெளிச்சத்தில் பார்த்தார், நகத்தால் தட்டினார், தேய்த்தார். சாக்ஸபோன் சுத்தமாகப் பேசியது. மூன்றாவது கிளாரினெட்காரரின் ரீடு நுனியை மயிரிழை வெட்டிக் கொடுத்தார். அதுவும் மேலே போயிற்று. செய்தி வாரியத்தைத் தாண்டிற்று. அஞ்சலகப் பேண்டிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடித் தொழிற்சாலைப் பேண்டிலிருந்து மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். கைராசிக்காரர் என்றார்கள். அவரும் இல்லையென்று சொல்லவில்லை. எல்லார் வாத்தியமும் உச்சத்துக்குப் போய் வந்தது. அவருடையது மட்டும் வீட்டுப் பின்கட்டில் கீச்சென்றுகொண்டிருந்தது.

அவருக்கு இதில் வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் கவனமில்லாமல் இருப்பார். கம்பியில் காதை வைத்து நிற்கும்போதுகூட அந்தப் படிகள் மண்டைக்குள் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் வருத்தத்தைவிடப் புகழ் கொஞ்சம் முந்திக்கொண்டது. கண்ணாடித் தொழிற்சாலைக்காரர்கள் அவரைத் தங்கள் ஒத்திகை அறைக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள். 'மேல் ஸ்வரம் ஏன் வரவில்லை' என்று கரும்பலகையில் எழுதி, அதற்குப் பதினான்கு காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பதினான்கில் பன்னிரண்டு ரீடு, ஒன்று ஊதுவாய், ஒன்று வானிலை. இருபது பேர் குறிப்பெடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவள், கையைத் தூக்கி, சார் ஒருமுறை ஊதிக் காட்டினால் எங்களுக்குப் புரியும் என்றாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாவம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரீடு இன்னும் ஊறவில்லை, ஊறாத ரீடில் ஊதுவது எவ்வளவு தவறு என்பது ஒன்பதாவது காரணம் என்றார். அவள் ஒன்பதாவது காரணத்தின் கீழே கோடு போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பழுது ரீடில் இல்லையென்றால் வாத்தியத்தில்தான் இருக்க வேண்டும் என்று மறுநாளே கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனார்.

கடையை ஓர் அம்மாள் நடத்தினார். அதிகம் பேசாதவர். கிளாரினெட்டைக் கழற்றி, அதன் துளைக்குள் ஒரு சின்ன விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, கடை விளக்கை அணைத்தார். ஏதாவது விரல்துளையின் மூடி சரியாக உட்காரவில்லையென்றால் அந்த இடத்தில் வெளிச்சம் கசியும். டாக்டருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. தண்ணீருக்குப் பதில் வெளிச்சம், அவ்வளவுதான். இருவரும் தலையோடு தலை வைத்துக் குனிந்து பார்த்தார்கள். மேலிருந்து கீழ் வரை ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே வரவில்லை.

அந்த அம்மாள் விளக்கைப் போட்டு, அவருடைய ரீடு பெட்டியைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்தார். அது ஏழாம் நம்பர். அதற்கு நேராக டாக்டர் நோட்டில் 'தேறாது' என்று எழுதியிருந்தார். எச்சரிக்கலாமா என்று அவர் வாயெடுப்பதற்குள் அம்மாள் ஊதிவிட்டார். உச்ச ஸ்வரம் கடை முழுக்க நின்றது. சுவரில் மாட்டியிருந்த டிரம்பெட்டுகள்கூட லேசாக அதிர்ந்தன.

"வாத்தியத்துல ஒண்ணும் இல்ல. ரீடுலயும் ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு ஊதுவாயைத் திருப்பி அவரிடம் காட்டினார். மேல்புறத்தில் பல் பதியும் இடத்தில் இரண்டு பள்ளம், எலி கரண்டிய மாதிரி. "இத எதுக்கு இப்படிக் கடிக்கறீங்க?"

டாக்டர் அந்தப் பள்ளத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் பழுது கண்டுபிடித்தவருக்கு அங்கே ஏதோ தெரியத்தான் செய்தது. ஆனால் மனிதர் கேட்ட கேள்வி, இந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டுகிற மாதிரி ரப்பர் ஏதாவது கிடைக்குமா என்பதுதான். கிடைத்தது. ஒட்டிக்கொண்டு வந்தார். இப்போது கடிக்க இன்னும் மெத்தென்று இருந்தது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பேண்டு மாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். பேண்டு மாஸ்டர் வாரியத்தின் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். எதைச் சொன்னாலும் ஸ்டோர்ஸ் பாஷையில்தான் சொல்வார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த ஒரு ஸ்வரம் உங்ககிட்ட ஸ்டாக்ல இல்ல. உங்க மச்சான்கிட்ட இருக்கு. விழா முடியற வரைக்கும் அங்கேர்ந்து எடுத்துக்கலாம்."

டாக்டர் பெருந்தன்மையாகச் சரியென்றார். உள்ளுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. அது விழுந்த இடத்தில் ஆச்சரியமாகக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இருப்பதிலேயே நல்ல ரீடை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்து மைத்துனனிடம் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பைக்குள் பேனாவோடு போட்டுக்கொண்டான்.

விழா அன்றைக்கு நல்ல வெயில். தொட்டிக்குக் கீழே, வெளியே போகும் பெரிய குழாயை ஒட்டியே பேண்டுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். புகைப்படத்தில் குழாயும் பேண்டும் சேர்ந்து விழ வேண்டுமாம். முதல் நாற்காலியில் மைத்துனன், இரண்டாவதில் டாக்டர். மைத்துனன் தனியாக ஏறும்போது டாக்டர் அதே மெட்டைக் கீழ் ஸ்தாயியில் மெல்லமாகத் தாங்கிக்கொடுக்க வேண்டும், கேட்டும் கேட்காத மாதிரி.

மெட்டு தொடங்கியது. எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வாத்தியங்கள் அடங்கின. மைத்துனன் ஏற ஆரம்பித்தான். மேடையில் தலைவருக்கு எந்த ஸ்வரத்தில் வால்வைத் திறப்பது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அவருக்கு எல்லா ஸ்வரமும் ஒன்றுதான். இரண்டு படி முன்னாலேயே சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

டாக்டருக்கு முதலில் கேட்டது ஒரு சீறல். தன் காலுக்கு மூன்று முழம் இடது பக்கத்தில், குழாய் வளைகிற இணைப்பில். கேட்ட மாத்திரத்தில் அவர் வேறு ஆளாகிவிட்டார். கிளாரினெட் வாயில் இருந்தது, விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் மனசு அந்த இணைப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. வாஷர் மடங்கியிருக்கிறது. இல்லை, வாஷர் என்றால் சத்தம் இவ்வளவு மெல்லிசாக இருக்காது. அடிப்பக்கத்து போல்ட் ஒன்று முறுக்கவே இல்லை. எட்டு போல்ட்டில் அந்த ஒன்று.

அவர் முடிவுக்கு வருவதற்கும் இணைப்பு பீய்ச்சியடிப்பதற்கும் சரியாக இருந்தது. தண்ணீர் விசிறி மாதிரி எழுந்து நேரே மைத்துனன் முகத்தில் அறைந்தது. அவன் கடைசிப் படிக்கு மூச்சு இழுக்கிற தருணம். மூச்சுக்குப் பதில் தண்ணீர் போயிற்று. ஊதுவாய் உதட்டிலிருந்து நழுவியது.

மெட்டு நிற்கவில்லை. நாலு மாதமாக எத்தனையோ ஆயிரம் தடவை அந்தப் படிகளில் ஏறிப் பழகிய விரல்கள் இடம் காலியாக இருப்பதைக் கண்டு தாங்களாகவே மேல் ஸ்தாயிக்குத் தாவின. டாக்டர் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடிக்க அவருக்கு நேரமில்லை. தாடை தளர்ந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கிறவனின் தாடை மாதிரி சும்மா தொங்கியது. உச்ச ஸ்வரம் வந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்து, நாலு எண்ணிக்கை நின்று, பேண்டு மாஸ்டர் திகைப்பில் கையை இறக்க மறந்ததால் இன்னும் மூன்று எண்ணிக்கை நின்றது. ஒருபுறம் தண்ணீர் வெயிலில் பளபளத்துக்கொண்டு எழும்ப, மறுபுறம் அந்த ஸ்வரம் எழும்ப, இதெல்லாம் ஏற்பாடு என்றே நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

தண்ணீர்த் திரைக்குப் பின்னால் ஊதியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த கால்மணி நேரம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சொட்டச் சொட்ட நின்ற மைத்துனனைப் பேண்டு மாஸ்டர் கட்டிக்கொண்டார். தலைவர் ஒலிபெருக்கியில், முகத்தில் தண்ணீர் அடித்தபோதும் கடமையை விடாத இந்த ஊழியரைப் போல எல்லோரும் இருக்க வேண்டும் என்று பேசினார். கண்ணாடித் தொழிற்சாலைக்காரர்கள் டாக்டரிடம் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கி, அது நீங்கள் தேய்த்த ரீடுதானே, நனைந்தும் எப்படிப் பேசிற்று பாருங்கள் என்றார்கள். அவர்கள் போனதும் செயற்பொறியாளர் வந்தார். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"வாரியத்துலயே கசிவு பாக்கற ஆள் நீங்க. பக்கத்துல குழாய் பீய்ச்சி அடிக்குது. நீங்க பாட்டுக்கு உக்காந்து குழல் ஊதிட்டு இருக்கீங்க."

அடிப்பக்கத்தில் இடமிருந்து மூன்றாவது போல்ட் என்றார் டாக்டர். பார்த்தார்கள். அதுதான்.

லாரிக்குப் பின்னால் மைத்துனன் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அத்தான், அது நான் ஊதல," என்றான்.

"தெரியும்."

"யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. அடக்கமா பேசறேன்னு சொல்றாங்க. நீங்களாவது வந்து சொல்லுங்களேன்."

டாக்டர் யோசித்தார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த விழாவில் முதல் நாற்காலி திரும்பி வரும். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். தாடை தானாக இறுகும். அதை நினைத்த மாத்திரத்திலேயே கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று உரசியது. சரிதான், பள்ளம் தோண்டியது யார் என்று அப்போதுதான் அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டார்.

"வேண்டாம் மச்சான். நீ ஊதினதாவே இருக்கட்டும்," என்றார்.

இரண்டாவது நாற்காலி அவருக்கு ஒத்துப்போயிற்று. யாரும் எதிர்பார்க்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பிறர் ஓசைக்கு நடுவே, நினைத்தபோது மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பத்துக்கு எட்டு தடவை வந்தது. வராத இரண்டும் யாருக்கும் கேட்கவில்லை. வீட்டில் டம்ளர்கள் ஒவ்வொன்றாக விடுதலையாயின. பின்கட்டிலிருந்து கீச் சத்தம் வரவில்லையே என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். விழா அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். அவள் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தவள். எனக்கு அப்போதே தெரியும், என் தம்பி ஊதினால் கடைசியில் அவசரம் தெரியும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஆனால் மைத்துனன் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. அவனைத் தெருவில் நிறுத்தி அந்த ஸ்வரத்தைப் பற்றிக் கேட்டார்கள். வாரியத்தின் செய்திமடலில் நனைந்த முகத்தோடு படம் வந்தது. அதுவரை அவன் அந்த ஸ்வரத்தைப் பற்றி நினைத்ததே கிடையாது. இப்போது நினைக்க ஆரம்பித்தான். அது எப்படி வருகிறது, நாளைக்கும் வருமா, எல்லார் முன்னாலும் வராமல் போனால்? அடுத்த ஒத்திகையில் ஏறினான், ஏறினான், கீச்சென்றது. கிளாரினெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ரீடு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புத்தம்புது பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். டாக்டர் அவனை உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். ரீடில் ஒன்றும் இல்லை. ரீடால் வரவும் இல்லை, ரீடால் நிற்கவும் இல்லை. தாடையைத் தளர்த்து, கடிக்காதே, அதையே நினைக்காதே. நாலு மாதத்தில் கண்டுபிடித்ததை நாலு வாக்கியத்தில் அவர் கொடுத்தார். மைத்துனன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு எழுந்து நேரே சமையலறைக்குப் போய் அக்காவிடம் முறையிட்டான்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் தேய்ச்சுக் குடுக்கறாரு. சொந்த மச்சானுக்கு உபதேசம் பண்றாருக்கா. முதல் நாற்காலி போன கோவம் இன்னும் போகல போல."

இது டாக்டர் காதில் விழுந்தது. பதினான்கு காரணம் சொன்னபோது இருபது பேர் எழுதிக்கொண்டார்கள். ஒரே ஒரு உண்மையைச் சொன்னதற்கு இந்த மரியாதை. அவருக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் வாடிற்று. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது ஒண்ணத் தேய்ச்சுக் குடுங்களேன். எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்தே வேண்டாம். கையில ஏதாவது குடுத்து அனுப்பணும். அவ்வளவுதான்."

டாக்டர் கண்ணாடியையும் உப்புத்தாளையும் எடுத்து வந்தார். புதுப் பெட்டியிலிருந்து ஒரு ரீடை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். மைத்துனன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். உப்புத்தாளைத் திருப்பி, அதன் வழவழப்பான பின்பக்கத்தில் ரீடை ஏழெட்டு தடவை கவனமாக இழுத்தார். ஒரு தூசிகூடக் கொட்டவில்லை.

"இது வரும்," என்று கொடுத்தார்.

அவன் அதை இந்தத் தடவை பேனாவோடு போடவில்லை. கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனான். புதன்கிழமை ஒத்திகையில் ஸ்வரம் வந்தது, சுத்தமாக, அவசரம்கூட இல்லாமல். பேண்டு மொத்தமும் திரும்பி டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தது. டாக்டரும் அடக்கமாகத் தலையசைத்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.